அணியத்தில் கட்டிய பட்டம்

பெஞ்சமின் ஃப்ராங்க்ளினையும் பட்டத்தையும் சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் மின்னல்தான் நினைவுக்கு வரும். அதற்கு வெகுகாலம் முன்பே, பாஸ்டன் நகரத்துச் சிறுவனாக இருந்தபோது, அவர் பட்டத்தை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார். குளக்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவருக்கு நீந்த ஆசை வந்தது. பட்டத்தை இறக்கவும் மனமில்லை. நூல் சுற்றிய குச்சியைப் பிடித்தபடி தண்ணீரில் மல்லாந்து படுத்தார். பட்டம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. உடுப்புகளை மறுகரைக்குத் தூக்கிவர ஒரு நண்பனை ஏற்பாடு செய்துவிட்டு, கைகாலை அசைக்காமலே அவர் குளத்தைக் கடந்தார். 1773இல் பிரெஞ்சு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதை நினைவுகூர்ந்தவர், இப்படியே டோவரிலிருந்து கலே வரைக்கும்கூடப் போய்விட முடியும் என்றார். ஆனாலும் தபால் கப்பலில் போவதுதான் உத்தமம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடலை 1903 நவம்பரில் ஒருவர் உண்மையாகவே பட்டத்தால் கடந்தார். சாமுவேல் கோடி அமெரிக்காவில் பிறந்தவர். இங்கிலாந்தில் கௌபாய் வேடம் கட்டி நாடகம் நடத்திப் பிழைத்தவர். மனிதனைத் தூக்கும் அளவுக்குப் பெரிய பட்டங்களைக் கட்டியவர். கலேயிலிருந்து சிறு படகில் புறப்பட்டு, பட்டம் இழுக்க இழுக்க, ஓர் இரவு முழுவதும் பயணம் செய்து டோவர் வந்து சேர்ந்தார். ஐந்தாண்டு கழித்துப் பிரிட்டனின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டவரும் இவரேதான்.

இருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் போகாக். இரண்டு பட்டங்கள் இழுக்கும் குதிரையில்லா வண்டிக்கு 1826இல் காப்புரிமை வாங்கினார். அக்கால இங்கிலாந்தில் சாலைச் சுங்கத்தைக் குதிரைகளை எண்ணித்தான் வசூலித்தார்கள். பட்டத்துக்கு என்ன கட்டணம் என்று பட்டியலில் இல்லாததால் போகாக்கின் வண்டி சும்மாவே போய்வந்ததாகச் சொல்வார்கள். கப்பலுக்கும் இதைப் பூட்டலாம் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். கிரிக்கெட் பிரியர்களுக்காக ஒரு தகவல்: தாடிக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் இவருடைய மகள் வயிற்றுப் பேரன். பட்டத்தில் நாற்காலியைக் கட்டி அந்த மகளையே வானத்தில் ஏற்றிப் பார்த்த தாத்தா இவர்.

ஆக, பட்டம் படகை இழுக்கும் என்பது நூறாண்டுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. இன்று கடலில் ஓடும் பல்லாயிரம் சரக்குக் கப்பல்களில் ஏறக்குறைய எதிலுமே பட்டம் இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் கிடப்பது இயற்பியல் சிக்கல் அல்ல என்பதுதான் என் எண்ணம். இயற்பியல் பட்டத்தின் கட்சியில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

கடல் மட்டத்தை ஒட்டி வீசும் காற்று அலைகளில் உரசித் தன் வேகத்தை இழக்கிறது. மேலே போகப் போக வேகம் கூடும். பத்து மீட்டர் உயரத்தில் இருப்பதைவிட 150, 200 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய கால் பங்கு வேகமாக வீசும். கால் பங்குதானே என்று தோன்றும். கப்பல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மணிக்கு 28 கிலோமீட்டர், அதாவது 15 நாட் வேகத்தில் போகும் கப்பலுக்குப் பின்னாலிருந்து 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தில் நிற்பவருக்கு அதில் 17 கிலோமீட்டர் மட்டுமே உறைக்கும். மீதியைக் கப்பலின் ஓட்டம் விழுங்கிவிடுகிறது. மேலே அதே காற்று 56 கிலோமீட்டர். அங்கே கப்பலின் வேகத்தைக் கழித்தாலும் 28 மிச்சம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், ஒரே அளவுத் துணியை மேலே பிடித்தால் கீழே கிடைப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான இழுவை கிடைக்கும்.

இது உயரத்தால் வரும் ஆதாயம். இதைவிடப் பெரியது இன்னொன்று உண்டு. பட்டம் விட்ட கைகள் அதை அறியும். பட்டம் ஓரிடத்தில் நிற்கும்போது நூல் லேசாகத்தான் இழுக்கும். அது பக்கவாட்டில் பாய்ந்து கீழிறங்கும்போதுதான் நூல் விரலை அறுக்கும். பாயும் பட்டம் வீசுகிற காற்றை மட்டும் சந்திப்பதில்லை, தன் ஓட்டத்தால் உண்டாகும் காற்றையும் சேர்த்துச் சந்திக்கிறது. காற்றைப் போல மூன்று மடங்கு வேகத்தில் குறுக்கே பறந்தால் விசை ஒன்பது மடங்குக்கும் மேல். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த மைல்ஸ் லாய்ட் 1980இல் இந்தக் கணக்கைத் தாளில் ஒழுங்காகப் போட்டுக் காட்டினார். அவர் மனத்தில் இருந்தது மின் உற்பத்தி. காற்றாலையின் இறக்கையில் பெரும்பகுதி வேலையைச் செய்வது வேகமாகச் சுழலும் நுனிதான். அப்படியானால் கோபுரத்தையும் இறக்கையின் அடிப்பகுதியையும் தூக்கி எறிந்துவிட்டு நுனியை மட்டும் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டால் என்ன என்பதுதான் இந்த யோசனையின் சாரம். கப்பல் பட்டம் வானத்தில் ஓயாமல் எட்டு வடிவம் போட்டுக்கொண்டே பறப்பது இந்தக் காரணத்தால்தான்.

மூன்றாவது ஆதாயத்தைக் கப்பல்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பாய்மரத்தின் உச்சியில் காற்று தள்ளினால் கப்பல் சாயும். பட்டத்தின் கயிறோ தளமட்டத்தில், அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில் கட்டப்பட்டிருக்கிறது. இழுவை எவ்வளவு பெரிதானாலும் கப்பலைச் சாய்க்கும் நெம்புகோல் மிகக் குட்டையானது. தளத்தில் இடத்தையும் அடைத்துக்கொள்வதில்லை. துறைமுகத்தில் கிரேன்கள் சரக்கை ஏற்றி இறக்கும்போது குறுக்கே நிற்கும் மரம் எதுவும் இல்லை.

இத்தனையையும் ஒரு வணிகக் கப்பலில் முதலில் செய்து காட்டியது ஹாம்பர்க் நகரத்தின் ஸ்கைசெயில்ஸ் நிறுவனம். பட்டம் விடுவதிலும் பாய்ப்படகு ஓட்டுவதிலும் பித்துப்பிடித்த ஸ்டீஃபான் வ்ராகே 2001இல் அதைத் தொடங்கினார். அவர்கள் செய்த பட்டத்தில் மூங்கிலும் இல்லை, கம்பியும் இல்லை. ஃப்ளோரிடாவில் வாழ்ந்த பட்டக் கலைஞர் டொமினா ஜால்பெர்ட் 1964இல் கண்டுபிடித்த வகை அது: இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே வரிசையாக அறைகள், முன்பக்கம் திறப்பு. ஓட்டத்தில் காற்று அறைகளுக்குள் புகுந்து நிரம்ப, துணியே விறைத்து விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும். பாராகிளைடரில் பறப்பவர்கள் தலைக்கு மேல் இருப்பதும் இதுவே. பாராகிளைடரில் மனிதன் தொங்கும் இடத்தில், இங்கே கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதற்குள் இருக்கும் மோட்டார் இடப்பக்க வலப்பக்கக் கயிறுகளை மாறி மாறி இழுத்துப் பட்டத்தைத் திருப்புகிறது. பெட்டிக்கும் கப்பலுக்கும் இடையே ஒற்றை இழுகயிறு. எஃகு வடத்தைவிட மிக லேசான, அதேசமயம் வலுவில் குறையாத செயற்கை இழையில் திரித்தது. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது.

2007 டிசம்பரில் ஹாம்பர்க்கில் ஒரு கப்பலுக்குப் பெயர் சூட்டு விழா நடந்தது. ஜெர்மன் குடியரசுத் தலைவரின் மனைவியே வந்து பெயர் வைத்தார்: ‘பெலூகா ஸ்கைசெயில்ஸ்’. 132 மீட்டர் நீளம். கனரகச் சரக்கு ஏற்றும் கப்பல். 160 சதுர மீட்டர் பட்டம். 2008 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து வெனிசுவேலாவுக்குப் புறப்பட்டு, பாஸ்டன் வழியாக நார்வே வந்து சேர்ந்தது. ஃப்ராங்க்ளின் பட்டத்தோடு மிதந்த ஊருக்கே இந்தக் கப்பலும் போனது தற்செயல்தான். வழியில் பட்டம் பறந்தது ஒரு முறைக்குச் சில நிமிடங்களிலிருந்து எட்டு மணி நேரம் வரை. எரிபொருளில் 10 முதல் 15 விழுக்காடு மிச்சப்படும் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது.

அந்த எண்ணை நம்பலாமா? கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. 160 சதுர மீட்டர் பட்டத்துக்குச் சொல்லப்பட்ட இழுவை 8 டன். 15 நாட் வேகத்தில் அதை இழுவைத் திறனாக மாற்றினால் ஏறக்குறைய 600 கிலோவாட். புரொப்பெல்லர் தனக்கு வரும் ஆற்றலில் ஒரு பகுதியைத் தண்ணீரைக் கலக்குவதிலேயே வீணாக்கிவிடுவதால், அதே இழுவையை எஞ்சின் தரவேண்டுமானால் 1,000 கிலோவாட்டுக்கு அருகில் செலவழிக்க வேண்டும். சில ஆயிரம் கிலோவாட் எஞ்சின் கொண்ட கப்பலுக்கு இது சில்லறை இல்லை. காற்று வாய்க்கும் நேரத்தில் கால் பங்கு வேலையைப் பட்டம் செய்யும்; வாய்க்காத நேரத்தில் பூஜ்யம். சராசரி 10, 15 என்பது நடக்கக்கூடியதுதான், பட்டம் போதுமான நேரம் வானத்தில் இருந்தால்.

அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லில்தான் பிரச்சினை குடியிருக்கிறது. மேலே போய்விட்ட பட்டம் நன்றாகவே பறக்கிறது. அதை ஏற்றுவதும் இறக்குவதும்தான் பொறியாளர்களின் தலைவலி.

மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். பின்காற்று பட்டத்துக்கு உகந்தது. ஆனால் கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் நெருங்கிவரும்போது தளத்தில் காற்றே இருக்காது. சிகரெட் புகை நேராக மேலே போகும். 200 மீட்டர் உயரத்தில் வேலைக்குத் தயாராகக் காற்று இருக்கிறது, அந்த உயரத்துக்குப் பட்டத்தைக் கொண்டுபோகக் கீழே காற்று இல்லை. கரையில் பட்டம் விடும் பையன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். கப்பலோ காற்று போகும் திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல், கப்பலின் பின்பக்கத்தில் எழுந்து நிற்கும் மாலுமிகளின் குடியிருப்பு மாடிகள் பின்காற்றை மறித்துச் சுழல்களை அணியத்தின் மீது அனுப்புகின்றன. முதல் சில பத்து மீட்டர்களில் பட்டம் பேய் பிடித்ததுபோல ஆடுவது அதனால்.

ஸ்கைசெயில்ஸ் இதற்கு அணியத்தில் நீளக்கூடிய ஒரு கம்பத்தை நட்டது. மடித்து வைத்த பட்டத்தைக் கம்பம் மேலே தூக்கும். அங்கே அது விரிந்து காற்றை உள்வாங்கும். பிறகு வின்ச் கயிற்றை விடும். இறக்கும்போது இதே வரிசை தலைகீழாக. வானிலை நல்லபடியாக இருந்தால் எல்லாம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடுவழியில் காற்று செத்தாலோ, பட்டம் கடலில் விழும். அறைகளுக்குள் தண்ணீர் புகுந்தால் துணி மூட்டையைத் தூக்குவதற்கு வின்ச் முக்கி முனக வேண்டியிருக்கும். பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பல் அதற்காக நின்று காத்திருக்காது. இருபது பேருக்கு மேல் இல்லாத மாலுமிக் குழுவில், இரவு இரண்டு மணிக்கு அலை அடிக்கும் அணியத்தில் போய் நனைந்த துணியோடு மல்லுக்கட்ட யாரை அனுப்புவது? கப்பல் தலைவர் இதை ஒரே ஒருமுறை யோசித்தாலும் போதும், அடுத்த முறை காற்று வரும்போது பட்டத்தை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார். காகிதத்தில் எத்தனை விழுக்காடு எழுதியிருந்தாலும் உறைக்குள் கிடக்கும் பட்டத்தின் மிச்சம் பூஜ்யம்தான்.

அடுத்த இடைஞ்சல் பணம். அதிலும் எவ்வளவு என்பதைவிட யாருடையது என்பது.

சரக்குக் கப்பல்களில் பெரும்பங்கு வாடகைக்கு ஓடுபவை. கால வாடகை ஒப்பந்தத்தில் கப்பலும் மாலுமிகளும் உரிமையாளர் பொறுப்பு. எண்ணெய்ச் செலவு வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு. பட்டத்தையும் வின்ச்சையும் கப்பலில் பொருத்தும் செலவு யாருக்கு? உரிமையாளருக்கு. அதனால் மிச்சமாகும் எண்ணெய் யாருக்கு? வாடகைக்காரருக்கு. வாடகை வீட்டின் கூரையில் சூரியத்தகடு போட வீட்டுக்காரர் ஏன் முன்வருவதில்லை என்பதற்குச் சொல்லும் காரணமே இங்கும். அதனால்தான் பட்டத்தை நாடி வந்த பெரிய பெயர்களில் கப்பல் உரிமையாளரைவிட வாடகைக்காரர்கள் முன்னே நின்றார்கள். தானிய வணிகத்தின் அரக்கனான கார்கில் நிறுவனம் 320 சதுர மீட்டர் பட்டத்தை ஒரு கப்பலில் பொருத்த 2011இல் ஸ்கைசெயில்ஸோடு ஒப்பந்தம் செய்தது. கார்கில் எண்ணெய்க்குப் பணம் கட்டுகிற இடத்தில் இருந்தது.

எண்ணெய் விலையும் பட்டத்தின் கழுத்தில் கைவைத்தது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது எல்லோரும் காற்றைப் பற்றிப் பேசினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அது 40க்குக் கீழே விழுந்தது. 2014இல் மறுபடி ஒரு சரிவு. பல ஆண்டுகள் உழைத்துத் திருப்பி எடுக்க வேண்டிய முதலீட்டை ஆறு மாதத்தில் தலைகீழாகும் விலையை நம்பிப் போடத் துணிபவர்கள் குறைவு. ‘பெலூகா ஸ்கைசெயில்ஸ்’ கப்பலை ஓட்டிய பெலூகா நிறுவனம் 2011இல் திவாலானது. அதற்குப் பட்டம் காரணமல்ல. கணக்கு மோசடிக்காக அதன் தலைவரை நீதிமன்றம் பின்னர் தண்டித்தது. ஆனால் பட்டத்தின் முதல் புரவலர் போய்விட்டார்.

2008 நிதி நெருக்கடி பட்டத்துக்கு இன்னொரு போட்டியாளரையும் கொண்டுவந்தது. அதன் விலை சுழியம்: மெதுவாகப் போவது. கப்பலுக்குத் தேவைப்படும் எஞ்சின் திறன் ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கு ஏற்ப மாறும். வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் திறன் 27 விழுக்காடு குறையும்; பயணம் கொஞ்சம் நீண்டாலும் மொத்த எண்ணெயில் 19 விழுக்காடு மிச்சம். பட்டம் தருவதாகச் சொன்னதைவிட அதிகம், துணி ஒரு மீட்டர்கூட வாங்காமல். உலகக் கப்பல்கள் அப்படியே செய்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெதுவாகப் போகும் கப்பலுக்குத்தான் பட்டம் அதிகம் பயன்படும். வேகம் 15 நாட்டிலிருந்து 10 நாட்டுக்கு இறங்கினால் கப்பலின் தேவை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதே இழுவை தரும் பட்டத்தின் பங்களிப்போ மூன்றில் இரண்டாகத்தான் குறையும். மொத்தத்தில் பட்டத்தின் பங்கு இரட்டிப்புக்கும் மேல். இரண்டையும் எதிரிகளாகப் பார்த்தது கணக்குப் பிள்ளைகளின் குறுகிய பார்வை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் காசு தட்டுப்பாடு. சும்மா கிடைப்பதை எடுத்துக்கொண்டு கடையைக் கட்டிவிட்டார்கள்.

ஸ்கைசெயில்ஸ் பட்டத்தை விட்டுவிடவில்லை, கடலைத்தான் விட்டது. தரையில் ஓர் உருளையை வைத்து, பட்டம் எட்டுப் போட்டபடி கயிற்றை இழுத்து உருளையைச் சுழற்ற, மின்சாரம் எடுக்கிறது; பிறகு பட்டத்தைச் சோம்பலாக நிற்கவைத்துக் குறைந்த ஆற்றலில் கயிற்றைச் சுற்றிக்கொள்கிறது. மொரிஷியஸ் தீவில் 2021இல் அப்படியொரு நிலையம் அமைந்தது. லாய்ட் 1980இல் நினைத்தது இதைத்தான்.

கடல் பட்டத்தின் அடுத்த கட்டம் பிரான்சில் தொடங்கியது. விமானம் கட்டும் ஏர்பஸ் நிறுவனத்திலிருந்து வந்த வின்சென்ட் பெர்னாட்டெட்ஸும் அவர் கூட்டாளிகளும் 2016இல் ஏர்சீஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். விமானத்தைத் தானாக ஓட்டும் கலையைப் பட்டத்துக்குக் கொண்டுவருவதும், ஏற்றுவதையும் இறக்குவதையும் கப்பலைச் செலுத்தும் மேடையில் இருக்கும் பொத்தானுக்குள் அடக்குவதும் அவர்கள் குறி. எந்த இடம் வலிக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொண்டு வந்தவர்கள். பிரான்சின் சான் நசேரிலிருந்து அமெரிக்காவின் மொபைல் நகரத் தொழிற்சாலைக்கு ஏர்பஸ் விமானப் பாகங்களைச் சுமந்த ‘வில் த போர்தோ’ கப்பலில் 2021 இறுதியில் 500 சதுர மீட்டர் பட்டத்துக்கான ஏற்பாடு பொருத்தப்பட்டது. இங்கேயும் முன்னின்றது வாடகைக்காரரான ஏர்பஸ்தான்.

ஏர்சீஸின் பெரிய வாடிக்கையாளர் ஜப்பானில் இருந்தார். கே லைன் நிறுவனம் 2019இலேயே ஒப்பந்தம் போட்டது. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சுமக்கும் பெரிய கப்பல்களில் 50 வரை பட்டம் பொருத்தும் வாய்ப்போடு, கப்பலுக்கு 1,000 சதுர மீட்டர் அளவில். பெலூகாவின் பட்டத்தைப் போல ஆறு மடங்கு. இரும்புத் தாதுக் கப்பல் மெதுவாகப் போகும், வாரக்கணக்கில் திறந்த கடலில் கிடக்கும், துறைமுகத்தில் பெரிய கிரேன்களுக்கு வழிவிட வேண்டும். பட்டத்துக்கு இதைவிட நல்ல சம்பந்தம் அமையாது. ஆனாலும் ஏர்சீஸ் தனியாக நிலைக்கவில்லை. 2024இல் அந்தத் தொழிலை கே லைனே வாங்கி, ஓஷனிக்விங் என்ற பெயரில் பிரான்சிலேயே தொடரச் செய்தது. பட்டம் செய்பவரும் கப்பல் ஓட்டுபவரும் ஒரே வீட்டுக்காரர் ஆனார்கள்.

இதற்கிடையில் மற்ற காற்று ஆட்கள் முந்திக்கொண்டார்கள். 1920களில் அன்டன் ஃப்ளெட்னர் காட்டிய சுழலும் உருளைகள் இன்று புதிய பொருட்களில் திரும்பி வந்து தளங்களில் நிற்கின்றன. கார்கில் 2023இல் மறுபடி காற்றை நாடியபோது பட்டத்தை எடுக்கவில்லை. தான் வாடகைக்கு எடுத்த ‘பைக்சிஸ் ஓஷன்’ கப்பலில் 37.5 மீட்டர் உயரமான இரண்டு விறைப்பான இறக்கைகள் நிற்கவைக்கப்பட்டன. ஆறு மாதச் சோதனையில் நாளுக்குச் சராசரியாக மூன்று டன் எரிபொருள் மிச்சம் என்று அறிவித்தார்கள். சதுர மீட்டருக்குச் சதுர மீட்டர் பார்த்தால் அந்த இறக்கை பட்டத்திடம் தோற்கும். ஆனால் அதைக் கடலில் போய் எடுத்துவர வேண்டியதில்லை. நள்ளிரவில் யாரையும் எழுப்புவதில்லை. கப்பல் தலைவர்கள் ஏன் அதை விரும்புகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது.

கணக்கை மாற்றக்கூடிய புதிய சங்கதி ஐரோப்பாவிலிருந்து வருகிறது. அங்குள்ள துறைமுகங்களுக்கு வந்துபோகும் பெரிய கப்பல்கள் தங்கள் கரிப்புகைக்கு இப்போது காசு கட்ட வேண்டும்: 2024இல் வெளியிட்ட புகையில் 40 விழுக்காட்டுக்கு, 2025இல் 70, 2026 முதல் முழுவதற்கும். 2025 ஜனவரியில் அமலான இன்னொரு விதி, காற்றால் உந்தப்படும் கப்பலுக்குக் கணக்கில் சலுகையும் தருகிறது. எண்ணெய் விலை விழுந்தாலும் இந்தச் செலவு கூடவே விழாது. பட்டத்துக்கு 2008இல் இல்லாத தரை இது.

இனிமேல் பட்டம் பொருத்திய கப்பலைப் பற்றிய செய்தி வரும்போது, எத்தனை சதுர மீட்டர், எத்தனை விழுக்காடு என்பதையெல்லாம் தாண்டி ஒரு கேள்வியைத் தேடிப் பாருங்கள்: போன ஆண்டு அது எத்தனை மணி நேரம் வானத்தில் இருந்தது? ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. அதில் கப்பல் கடலில் இருப்பது ஒரு பகுதி, காற்றின் திசை சரியாக அமைவது அதில் ஒரு பகுதி, பட்டத்தை ஏற்றலாம் என்று தலைவர் முடிவெடுப்பது அதிலும் ஒரு பகுதி. முதல் இரண்டும் கடல்வழியையும் பருவத்தையும் பொறுத்தவை. அவற்றை வரைபடத்தை வைத்தே சொல்லிவிடலாம். மூன்றாவதை கே லைனின் தாதுக் கப்பல்கள்தான் சொல்ல வேண்டும்.